திரையில் ஏறிய தோள்சீலை வரலாறு

தென் திருவிதாங்கூர்த் திருச்சபையின் வரலாற்றை நம் மக்கள் இன்று எங்கிருந்து கற்கின்றனர்? பிரசங்க பீடத்திலிருந்து என்றோ ஓய்வுநாள் பள்ளியிலிருந்து என்றோ விடை கூறுதல் இனி இயலாது. புதுக்கடை வட்டாரத்து வாலிபர் கூட்டமொன்றில் தோள்சீலைப் போராட்டத்தைக் குறித்துப் பேசும்படி நான் அழைக்கப்பட்டிருந்தேன். பேசத் தொடங்குமுன்னரே தம்பி ஒருவன் எழுந்து, “ஐயரே, அதெல்லாம் நாங்க பாத்தாச்சு” என்று கூறித் தன் கைப்பேசியை நீட்டினான். ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஓடும் காணொளி அது. கூட்டத்தில் இருந்தோரில் பெரும்பாலோர் அதனை முன்னமே பார்த்திருந்தனர். சிலர் தம் உறவினருக்கும் அனுப்பியிருந்தனர். ஆயத்தம் செய்து சென்ற உரையை ஒதுக்கி வைத்துவிட்டு, அக்காணொளியையே அன்று மாலை நாங்கள் ஆராய்ந்தோம். அந்த ஆராய்ச்சியின் பயனாய் எழுந்ததே இக்கட்டுரை.

அக்காணொளியைக் குறைகூறி ஒதுக்குதல் எளிது. அது என் நோக்கமன்று. அதனைத் தயாரித்தவர் கெட்ட எண்ணம் உடையவராகத் தோன்றவில்லை. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றே பேசுகிறார். ஆயினும் அவர் சொல்லும் வரலாறு சேர்த்தலையில் தொடங்குகிறது. நங்ஙேலி என்னும் ஈழவப் பெண் முலைக்கரம் கேட்டு வந்த அதிகாரியின் முன்னே தன் மார்பை அறுத்து வாழையிலையில் வைத்து மாண்டாள் என்னும் வாய்மொழிக் கதையை விரிவாகக் கூறி, அதனால் வெகுண்டெழுந்தவர்களே தோள்சீலைப் போராட்டத்தை நடத்தினர் என்று முடிக்கிறார். நங்ஙேலி கதை சேர்த்தலை மக்களின் நினைவில் வாழ்வது. 2016ஆம் ஆண்டில் பி.பி.சி. அதனை வெளியிட்ட பின்னர் உலகெங்கும் பரவிற்று. அந்த நினைவை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஒரு சமுதாயம் தான் பட்ட துன்பத்தைக் கதையாகவே காத்து வைப்பதுண்டு என்பது விவிலிய மாணவருக்குப் புதிதன்று. ஆனால் சேர்த்தலை வேறு, கல்குளமும் விளவங்கோடும் வேறு. முலைக்கரம் என்பதும் மார்பை மறைப்பதற்கு விதிக்கப்பட்ட வரியன்று. ஆடவரிடம் தலைக்கரம் என்ற பெயரில் பெற்ற தலைவரியைப் பெண்டிரிடம் பெற்றபோது வழங்கிய பெயர் அது என்பதை மனு எஸ். பிள்ளை போன்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்ததனால் இரண்டு வரலாறுகளும் கெட்டன.

இனி, ஆவணங்கள் கூறுவது என்ன? 1812இல் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவராகிய பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று ஆணை பிறப்பித்தார். மேல்சாதியார் எதிர்த்தனர். 1814இல் அரசு ஒரு விளக்கம் தந்தது: சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிவதுபோன்ற குப்பாயத்தை அணியலாம்; மேல்சாதிப் பெண்களைப்போல் தோளின்மேல் சீலையிடலாகாது. நம் பாட்டிமார் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் சீலையையும் இட்டுச் சந்தைக்குப் போயினர். 1822 முதல் கலகம் மூண்டது. சந்தைகளிலும் வழிகளிலும் சீலைகள் கிழிக்கப்பட்டன, ஜெபவீடுகள் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் வெளியான அரச அறிக்கை தோள்சீலை உரிமையை மறுத்தது. 1858இன் இறுதியிலும் 1859இன் தொடக்கத்திலும் கலகம் மீண்டும் எழுந்தபோது, சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன் திருவிதாங்கூர் அரசை வற்புறுத்தினார். 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய அறிக்கை வெளியிட்டார். நாடார் பெண்கள் எம்மதத்தவராயினும் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எவ்விதத்திலும் மார்பை மூடலாம். மேல்சாதிப் பெண்களைப்போல் மட்டும் கூடாது என்பது அதன் சாரம்.

இவ்விறுதி நிபந்தனையை நிதானித்து நோக்குமாறு வாசகரை வேண்டுகிறேன். மறைத்துக்கொள்வதற்கு 1814இலேயே இசைவு கிடைத்துவிட்டது. அதன் பின்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் வழக்கு நடந்தது எதற்காக? மானத்தை மறைக்கும் துணிக்காக மாத்திரம் என்றால் குப்பாயமே போதும். சீலை என்பது மேன்மையின் அடையாளம். யார் யாருக்குச் சமம் என்பதைத் தெருவில் அறிவிப்பது. அக்காலத்தில் நாயர் பெண்களும் தம்மினும் உயர்ந்தோர் முன்னும் தெய்வச் சந்நிதியிலும் மேலாடையை நீக்குவதே வழக்கமாயிருந்தது. திறந்த மார்பு அந்நாட்டில் வெட்கத்தின் குறியாக அல்ல, தாழ்ச்சியின் குறியாகவே விளங்கிற்று. ஆகவே போராடிய பெண்கள் கேட்டது வெறும் அடக்கத்தை அன்று, சமத்துவத்தை. மிஷனெரிமார் தாமும் இதனைப் பெரும்பாலும் அடக்கம், நாணம் என்னும் தம் நாட்டு அளவுகோலாலேயே அளந்தனர். நமது பீடங்களிலும் அவ்வாறே சொல்லி வந்தோம்: நிர்வாணமாய் இருந்தவர்களுக்கு மிஷன் ஆடை உடுத்தியது என்று. காணொளியின் பிழைக்கு வித்திட்டவர்கள் நாமே என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது.

மேலும் ஒன்று. காணொளியின் முகப்பில் ஒரு நிழற்படம் இருந்தது. மேலாடையற்ற மூன்று பெண்கள். கீழே 1822 என்ற குறிப்பு. பாரிஸில் டாகேர் தம் முறையை உலகுக்கு அறிவித்ததே 1839இல்தான். 1822இல் குமரி நாட்டில் நிழற்படம் ஏது? அப்பெண்கள் யார், எந்த நாட்டினர், யாருடைய இசைவோடு அவர்களைப் படம் எடுத்தனர் என்பதொன்றும் அதில் சொல்லப்படவில்லை. இதனை நான் கூறியபோது இளைஞர் நகைத்தனர். கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த சபைமூப்பரின் மனைவியார் நகைக்கவில்லை. “மூடணும்னு அடிபட்டவளுவள இப்பிடித் தொறந்து போட்டிருக்கே” என்று மட்டும் சொன்னார். இவ்வரலாற்றின் மின்னணு வடிவத்தைப் பற்றிச் சொல்லத்தக்க மிகக் கடுமையான திறனாய்வு அதுவேயாகும். பார்வையாளரைக் கூட்டுவதற்கு அம்முகப்புப் படம் தேவைப்பட்டது. எந்த உடலைத் தம் விருப்பப்படி மூடும் உரிமைக்காக அப்பெண்கள் சந்தையில் அடியுண்டார்களோ அந்த உடலையே அவர்கள் பெயரால் மீண்டும் சந்தையில் வைத்திருக்கிறோம். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட மாத்திரத்தில் பழைய படம் போன்ற படங்களை ஆக்கித் தருகின்றன. 1839ஐக் காட்டி மறுப்பதற்கும் இனி வழியிராது. பார்ப்பவர் அதனைப் பழம்படம் என்றே நம்புவர்.

இத்துணைப் பிழை மலிவதற்குக் காரணம் சான்றுகள் கிடைக்காமையா என்றால், இல்லை. முன்பு எந்தத் தலைமுறைக்கும் வாய்க்காத வசதி இன்று நமக்கு வாய்த்திருக்கிறது. 1850களின் இறுதியில் இங்கு வந்த சாமுவேல் மெட்டீர் எழுதிய ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’ (1871), ‘நேட்டிவ் லைஃப் இன் டிராவன்கோர்’ (1883) ஆகிய நூல்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். நான் மாணவனாயிருந்த காலத்தில் மெட்டீரின் நூலைக் காண்பதற்கு நூலகரிடம் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இன்று பனச்சமூட்டில் தேநீர்க்கடைப் பெஞ்சில் அமர்ந்து வாசிக்கலாம்.

ஆனால் வாசிக்க இயலுவதும் கண்டடைய இயலுவதும் ஒன்றல்ல. நாடார் என்ற சொல்லைத் தேடும் மாணவன் மெட்டீரிடத்தில் தான் வேண்டுவதைக் காணான். அவர் வழங்குவது ‘ஷானார்’ என்ற அக்காலத்துச் சொல். பாறசாலையைத் தேடினால் வாராது. ‘பரெய்ச்சலே’ என்று ஆங்கில எழுத்தில் பெயர்த்து வைத்திருக்கின்றனர். ஊர்ப் பெயர்களை ஒவ்வொரு மிஷனெரியும் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். இவ்வேறுபாடுகளைத் தொகுத்து ஒரு சிறு அட்டவணை தயாரித்துக் கொடுப்போமாயின், ஒரு பெரிய ஆய்வு நூலை விடவும் அது மக்களுக்கு உதவும். இலண்டன் மிஷன் சங்கத்தின் மூல ஆவணங்களோ 1973 முதல் இலண்டன் ஸோவாஸ் நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்னும் காகிதத்திலும் நுண்படத் தகட்டிலுமே உள்ளது. அச்சிட்ட நூல் திரைக்கு வந்துவிட்டது, கைப்பட எழுதிய கடிதம் வரவில்லை என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். திரையில் இருப்பதே உள்ளதனைத்தும் என்ற மயக்கம் ஆய்வாளரையும் விடுவதில்லை.

கிடைக்கும் நூல்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. மெட்டீர் 1820களின் கலகத்தைக் கண்ணாற் கண்டவரல்லர். இங்கிலாந்தில் காணிக்கை கொடுக்கும் அன்பர்களுக்காக எழுதியவர். வைகுண்டசுவாமிகளைப் பற்றி மிஷன் அறிக்கைகள் ‘முத்துக்குட்டி’ என்ற பெயரால் எழுதும் தொனி பகைமை நிறைந்தது. தலைப்பாகை கட்டித் தம்மிடம் வரச்செய்து, சாமித்தோப்பில் ஒரே பந்தியில் மக்களை அமர்த்திய ஒருவரைத் திருச்சபையின் போட்டியாளராக மாத்திரமே அவை கண்டன. அவ்வறிக்கைகளை விளக்கமின்றித் திரையில் ஏற்றினால், 1840களின் சண்டையை இன்று நம் தெருவில் மீண்டும் மூட்டியவர்களாவோம். அடுத்த வீட்டு அய்யாவழி அன்பரும் அதே கைப்பேசியில்தான் அதனை வாசிப்பார்.

நம்முடைய சொந்த மறதி இன்னும் ஆழமானது. 1806இல் ரிங்கல்தோபே ஐயரை மயிலாடிக்கு வரவழைத்தவர் மகாராசன் என்னும் வேதமாணிக்கம். அவர் சாம்பவர் குலத்தவர். இந்நாட்டுப் புரொட்டஸ்டண்டு திருச்சபையின் தொடக்கம் அவருடைய வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்தது. ஆனால் திரையில் உலவும் ‘குமரிக் கிறிஸ்தவ வரலாறு’ பலவற்றில் அவர் ஒரு வரியில் வந்து மறைகிறார், சிலவற்றில் வருவதேயில்லை. தோள்சீலை வரலாறும் ஒரு சமுதாயத்தின் வெற்றி வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1859 அறிக்கை பெயரிட்டுச் சொன்னது நாடார் பெண்களை. 1855 வரை சட்டப்படி அடிமைகளாயிருந்த பறையர், புலையர் பெண்களைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. அவர்களும் நம் ஆலயங்களில் அமர்ந்திருந்தவர்களே. இதனை எடுத்துச் சொல்லும் காணொளி ஒன்றையேனும் நம் சபைகள் வெளியிட்டிருக்கின்றனவா என்று அன்று இளைஞரிடம் கேட்டேன். ஒரு பெண்பிள்ளை, “சபையில சொன்னாத்தானே ஐயரே அதுல போட முடியும்” என்றாள்.

பள்ளிப் புத்தகமும் கைவிட்டுவிட்டது. என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் ஆடை வரலாறு பற்றிய பாடத்தில் இப்போராட்டம் இடம்பெற்றிருந்தது. நாடார்கள் திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்து வந்த கள்ளிறக்குவோர் என்ற வாசகத்தை எதிர்த்து 2012இல் தமிழகத்தில் கண்டனம் எழுந்தது. 2016இல் சி.பி.எஸ்.இ. அப்பகுதியைத் தேர்விலிருந்து நீக்கிற்று. 2019இல் அப்பாடமே நூலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு வாசகத்தைத் திருத்தியிருக்கலாம். பாடத்தையே அகற்றியது வேறு செயல். 2023 மார்ச் 6ஆம் நாள் நாகர்கோவிலில் தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் இருவரும் கலந்துகொண்ட இருநூறாம் ஆண்டு நினைவுக் கூட்டத்திற்குப் பின்னர் ஆர்வம் பெருகிற்று. பெருகிய ஆர்வத்திற்கு விடையளிக்கப் புத்தகம் இல்லை, ஆசிரியர் இல்லை, காணொளி இருந்தது.

ஆராய்ந்தவர்கள் எங்கே போயினர்? ஆர். என். யேசுதாஸ் 1975இலும், அதற்கு முன்னர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இலும், டிக் கூய்மன் 1989இலும் ஆங்கிலத்தில் நூல்கள் வெளியிட்டனர். நம் இறையியல் கல்லூரிகளில் பட்டத்திற்காக எழுதப்பட்ட ஆய்வேடுகள் எத்தனையோ. அவற்றில் என்னுடையதும் ஒன்று. முப்பதாண்டுகளாக அது ஒரு நூலக அலமாரியில் இருக்கிறது. தேர்வாளர் இருவரும் நானும் தவிர அதனை வாசித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அதன் சுருக்கத்தைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதி வெளியிட என்னை யாரும் தடுக்கவில்லை. எளிய தமிழில் எழுதுவது ஆய்வுக்கு இழுக்கு என்று எண்ணியிருந்தேன். தெயோப்பிலுவுக்கு எழுதிய லூக்கா, கண்ணாரக் கண்டவர்களிடம் கேட்டு ஒழுங்காக எழுதத் துணிந்ததாகத் தம் முகவுரையில் சொல்லுகிறார். ஆராய்ச்சியும் அறிவிப்பும் அவருக்கு இரு வேலைகளாகத் தோன்றவில்லை. நாமோ முன்னதைக் கல்லூரிக்கும் பின்னதை யூடியூப்காரருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம்.

செம்மையாகச் செய்வோரும் உளர். தரங்கம்பாடி மிஷனெரிமாரின் அறிக்கைகளை ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே அறநிலையம் மின்னாக்கம் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அது நூற்றாண்டுகளாகக் காகிதத்தைக் காத்த நிறுவனத்தின் செல்வம். நம்மால் இயலாது எனலாம். ஆயின் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியக் கண்ட மக்களிடையிலிருந்து 2005இல் எழுந்த ‘நூலகம்’ திட்டத்தைப் பாருங்கள். தன்னார்வலர் கூடிப் பழைய ஏடு, இதழ், மலர், துண்டு வெளியீடு என்று ஒவ்வொன்றாக ஏற்றினர். கல்யாண மலரையும் கல்வெட்டு என்னும் நினைவு மலரையும்கூட அவர்கள் விடவில்லை. நம் ஊர்களில் சபை நூற்றாண்டு மலர்கள் எத்தனை அச்சிடப்பட்டன! அவற்றைச் செல்லரித்த பின்னரே தேடுகிறோம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆர்வமிக்க இளைஞர் சிலர் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் அப்படியே படமெடுத்து வெளியிடலாமே என்கின்றனர். நான் அதற்கு உடன்படவில்லை. பழைய பதிவேடுகளில் பெயரோடு சாதியும் எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் தகப்பன் பெயர் இராது, சில இடங்களில் சபை ஒழுங்கு நடவடிக்கையின் குறிப்பும் இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நம் ஆலயத்தில் நற்கருணைக்கு வருகின்றனர். பெண் பார்க்க வருகிறவன் கைப்பேசியில் தேடிப் பார்த்து ஒரு குடும்பத்தின் பூர்வத்தைத் தெருவில் பேச, நம் பதிவேடு கருவியாகக் கூடாது. கறையான் தின்னாதபடி பக்கங்களைப் படமெடுத்துக் காத்து வைத்தல் கடமை. யாவருக்கும் திறந்து விடுதல் வேறு; தன் முன்னோரைத் தேடி வருகிறவர் போதகரோடு அமர்ந்து பார்க்கட்டும். இறந்தோரைப் பற்றிய உண்மையும் பிறன்மீது பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனைக்கு உட்பட்டதே. ஆனால் உண்மை அனைத்தையும் சந்தையில் கூவ வேண்டும் என்று எந்தக் கற்பனையும் இல்லை. இதில் என்னோடு மாறுபடும் ஆசிரிய நண்பர்கள் உண்டு. பதிவேட்டை மூடி வைப்பதே சாதியைக் காக்கும் வழியென்று அவர்கள் வாதிடுகின்றனர். அவ்வாதத்தில் வலு இல்லாமலில்லை.

வாய்மொழிச் சான்றைப் பொறுத்தவரை காத்திருக்க நேரமில்லை. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள், தாய்த் தமிழகத்தோடு இணைவதற்கான போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் நம் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இரண்டாண்டுகளுக்குப்பின், 1956 நவம்பர் 1இல், இணைப்பு நிறைவேறிற்று. ஆண்டுதோறும் நினைவுநாளில் தூணுக்கு மாலையிடுகிறோம். இணையத்தில் ஒரு பக்கத்தில் மாண்டவர் தொகை ஓர் எண், வேறொரு பக்கத்தில் வேறோர் எண். அன்று இருபது வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். கடையடைத்து ஓடியவர், காயம்பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தவர், அன்று பள்ளியிலிருந்து வீடு திரும்ப இயலாதவர் என்று இவ்வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கின்றனர். தோள்சீலைக்குச் சாட்சி கேட்க நாம் இருநூறாண்டு பிந்திவிட்டோம். இதற்கு இன்னும் பிந்தவில்லை.

வாலிபர் கூட்டம் முடிவடையும்போது, காணொளியைக் காட்டிய தம்பி அதன் கீழே திருத்தமாக நான்கு வரி எழுதுவோமா என்று கேட்டான். எழுதினோம்: 1814இன் குப்பாயமும் 1859இன் நிபந்தனையும் மட்டும். மறுநாள் அதற்கு வந்த மறுமொழிகளில் ஒன்று எங்களைச் சாதிவெறியர் என்றது. மற்றொன்று ஆதாரம் எங்கே என்று கேட்டது. இரண்டாமவருக்கு மெட்டீரின் நூல் இருக்குமிடத்தை அனுப்பினோம். இப்போது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலையில் அவ்விளைஞர் நால்வர் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு முதியோர் வீடுகளுக்குச் செல்கின்றனர். பேசுகிறவரின் இசைவை எழுதி வாங்குகின்றனர். வெளியிட வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியைத் தனியே வைக்கின்றனர். முதல் மாதம் அவர்கள் சென்ற வீட்டுப் பாட்டி 1954ஐப் பற்றிக் கேட்க வந்தவர்களிடம், தம் பாட்டி குப்பாயத்தின்மேல் சீலை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன கதையைச் சொல்லத் தொடங்கினாராம். அப்பதிவை எழுத்தில் பெயர்க்கும் வேலை இன்னும் முடியவில்லை.